பாட்டுப் போடும் நேரம்

அந்தக் கேள்வித்தாளின் கடைசிக்கு முந்தின பக்கம் வந்தாலே சிவரூபி ஒருதரம் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

மற்றப் பக்கங்களில் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு என்ன கூரை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைக்கு எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தீர்கள் என்று கேட்டால் பதுளை மாவட்டத்தில் எந்தப் பெண்ணும் கோபிக்க மாட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கேட்காததையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவாள். அந்தப் பக்கம்தான் சனியன். மனைவி சொல்லாமல் வெளியே போனால் கணவன் அவளை அடிப்பது நியாயமா? பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டால்? எதிர்த்துப் பேசினால்? படுக்கைக்கு வர மறுத்தால்? சோற்றைக் கருக்கிவிட்டால்? கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யாரோ எழுதிய கேள்விகள். ஆம், இல்லை, தெரியாது என்று கட்டம் போட்டுவிட்டு அவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டங்களில் லயம் லயமாக ஏறி இறங்குகிறவள் சிவரூபி.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. ஏ.எல். எழுதிப் பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருந்தவளுக்கு, இந்தக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. தகப்பன் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதுளைக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குக் கிளாக்காக வந்து, அங்கேயே தலை நரைத்தவர். அவள் வளர்ந்தது அரசாங்கக் குவாட்டர்ஸில். அறைக்கு அறை கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், தலைக்கு மேல் சீலிங். பக்கத்து அறையில் அப்பா தும்மினால்கூடச் சரியாகக் கேட்காது. இதை இங்கேயே சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தாழ்ப்பாள் புத்தியால் வந்த வினை.

"அந்தப் பக்கம் வரேக்க பொம்பிளை தனிய இருக்க வேணும்," என்று மேற்பார்வையாளர் இரகுநாதன் ஒவ்வொரு நாளும் வேனில் வைத்துச் சொல்வார். ஓய்வுபெறப் போகிற வயது, நல்ல மனிதர், கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவார். "ஆரும் உள்ளுக்கு வந்தா உடன பேச்சை மாத்து. தாய்ப்பாலைப் பற்றிக் கேள். தாய்ப்பால் எண்டால் ஆம்பிளையள் தாங்களாப் போயிடுவினம்."

பக்கத்தின் அடியில் இன்னொரு கட்டம் இருந்தது. இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது வேறு யாராவது இருந்தார்களா? சிவரூபி உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள். லயத்தில் ஒரு பெண்ணைத் தனியாகப் பிடிப்பது லேசான காரியமா? மாமியார் அரிசி புடைப்பாள், பக்கத்து வீட்டுக்காரி பேன் பார்க்க வந்து உட்காருவாள், எழுந்து போங்கள் என்றால் மனஸ்தாபம் வரும். ஆகவே ஆம், ஆம் என்றே போட்டுக்கொண்டு வந்தாள். நிரப்பிய தாள்கள் செல்லாது என்று கட்டுக் கட்டாகக் கொழும்பிலிருந்து திரும்பி வந்தன.

"இன்னொருக்கா இப்பிடித் திரும்பி வந்தா, உன்னை வைச்சிருக்கச் சொல்லி நான் கேக்கேலாது பிள்ளை," என்றார் இரகுநாதன். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

இந்தப் பயத்தோடுதான் அவள் லுணுகலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துக்குப் போனாள். வேன் இனி முடியாது என்று நின்றுவிடுகிற வளைவிலிருந்து படியேறினால் கீழ்ப்பிரிவு லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள் என்கிற ஒற்றையறை வீடுகள், முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, அதற்கு முன்னால் கழிவுநீர் ஓடும் கான். சற்றுத் தள்ளி, மலைத் தண்ணீர் விழுகிற பீலி. குளிப்பது, துவைப்பது, ஊர்க்கதை பேசுவது எல்லாம் பீலியடியில்தான்.

முதல் நாள் கடைசியாக அகப்பட்டவள் கருப்பம்மா. நாற்பதைத் தாண்டியவள், புருஷன் போய்ச் சேர்ந்து சில வருஷம், மகன்மார் கொழும்பில் கடையில் வேலை. பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள்.

"அடிக்கலாங்க."

அடுத்த கேள்விக்கும் அடிக்கலாங்க. அதற்கடுத்ததற்கும் அடிக்கலாங்க. வாசலில் நின்ற இரண்டு பெண்கள் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். சோறு கருகின கேள்விக்கு வந்தபோது சிவரூபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க என்ன நினைக்கிறீங்கன்னுதான் கேள்வி, அக்கா."

"நான் நெனச்சு என்னங்க ஆகப்போகுது?" கருப்பம்மா புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். "அடுத்த வீட்டு விஷயம். நாம உண்டு நம்ம வேலை உண்டுன்னு இருந்துட்டா ஒரு தொல்லையும் இல்ல. எழுதிக்கிங்க மிஸ். சாயத்தண்ணி ஆறுது, குடிங்க."

சிவரூபி எழுதிக்கொண்டாள். வேறு யாராவது இருந்தார்களா என்ற கட்டத்தில் மறுபடியும் ஆம்.

அன்று படியிறங்கி வேனடிக்கு வந்தபோது பொழுது மங்கியிருந்தது. மேலே லயத்தில் யாரோ ரேடியோவைப் பலமாகத் திருகினார்கள். ஒரு காம்பராவில் தொடங்கிய பாட்டு அடுத்ததற்குத் தாவி, பிறகு அதற்கடுத்ததற்குத் தாவி, கொஞ்ச நேரத்தில் லயம் முழுவதும் ஒரே பாட்டாகிப் பள்ளத்துக்கு இறங்கி வந்தது. "பாவங்கள், விடிஞ்சதில இருந்து மலையில நிண்டதுகள்," என்றார் இரகுநாதன். "பாட்டையெண்டாலும் ஆசைதீரக் கேக்கட்டும்." சிவரூபிக்கு அந்தச் சனங்கள்மேல் லேசான பொறாமைகூட வந்தது. குவாட்டர்ஸில் யாரும் யாரோடும் சேர்ந்து பாட்டுக் கேட்பதில்லை.

மறுநாள் கருப்பம்மாவுக்கு அடுத்த காம்பரா. அங்கே யசோதினி என்றொரு இளம்பெண், அவள் புருஷன் நிமலன், மூன்று வயது மகள் லக்ஷிகா. நிமலன் தோட்டத்து லொறிக்குக் கொழுந்து ஏற்றுகிறவன். தலையைப் படிய வாரி, சட்டையை உள்ளே விட்டிருந்தான். "வாங்க மிஸ், உக்காருங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மிஸ். என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சிவரூபிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. முகம் பார்த்து ஆளை எடைபோடுகிற வித்தை அவளுக்கு இன்னும் கைவரவில்லை.

ஆண்களை வெளியே இழுத்துப் போவதற்கு இரகுநாதனிடம் ஒரு உபாயம் இருந்தது. கூரைத் தகரத்தையும் கக்கூசையும் பற்றிக் குடும்பத் தலைவர்களிடம் முக்கியமாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிப் பீலியடிக்குக் கூட்டிப் போய்விடுவார். குடும்பத் தலைவர் என்று சொன்னதும் மறுக்கிற ஆண் இலங்கையில் இல்லை. நிமலனும் போனான்.

சிவரூபி கதவைச் சாத்தினாள். வாசலில் ஒருவருமில்லை. மாமியார் இல்லாத வீடு. இன்றைக்குத் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டுக் கேட்கத் தொடங்கினாள். யசோதினி மெதுவாக, சரியாகப் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒருதரம் மேலே பார்த்துக்கொண்டாள். அம்மை ஊசி எப்போது போட்டது என்று கேட்டபோது அவள் யோசித்தாள்.

"தைப்பொங்கலுக்குப் பொறகு போட்டது மிஸ்," என்றது ஒரு குரல். "நாந்தானே புள்ளயத் தூக்கிட்டுப் போனேன்."

சிவரூபி திடுக்கிட்டு அண்ணாந்தாள். கருப்பம்மாவின் குரல். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாக வந்தது. அப்போதுதான் அவள் அந்தச் சுவரை முதன்முதலாகப் பார்த்தாள். அது கூரைவரை போகவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய், போதும் என்று நின்றுவிட்டது. அதற்கு மேல் வெறும் இருட்டு. கூரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தடையில்லாமல் ஓடியது. கருப்பம்மா வீட்டு அடுப்புப் புகை சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கேள்வித்தாளை மூடினாள். இந்தப் பிரிவில் எத்தனை கதவுகளைச் சாத்தியிருப்பாள்! சாத்திவிட்டு, குரலைத் தணித்து, படுக்கைக்கு வர மறுத்தால் என்று கேட்டிருப்பாள்! அத்தனையும் லயத்துக்கே கேட்டிருக்கிறது. அத்தனை பேரும் அடிக்கலாங்க, அடிக்கலாங்க என்று சொன்னது அவளுக்கா, இந்தக் கூரைக்கா? இப்போது இந்தப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது? கேட்காமல் விட்டால் கொழும்பு விடாது. கேட்டால் பக்கத்து வீடு கேட்கும்.

அப்போதுதான் அந்த அருமையான யோசனை அவளுக்கு வந்தது. படித்த பிள்ளை அல்லவா. "ஒரு நிமிஷம்," என்று யசோதினியிடம் சொல்லிவிட்டு எழுந்து கருப்பம்மாவின் வாசலுக்குப் போனாள்.

"அக்கா, உங்க ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாப் போடுறீங்களா?"

கருப்பம்மா ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தவள் கையை எடுத்தாள். "இப்பவா?"

"கொஞ்ச நேரத்துக்குத்தான்."

"நிமலன் பீலியடியிலல்லவா நிக்கிறான்?" கருப்பம்மா எட்டிப் பார்த்தாள். "உள்ள வேற யாரு?"

"ஒருத்தரும் இல்ல. நானும் யசோதினியும்தான்."

கருப்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை சிவரூபிக்குப் புரியவில்லை. நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் புரிந்துகொள்ளவும் முயலவில்லை. "நல்லா கூட்டுங்க அக்கா, ப்ளீஸ்," என்றாள்.

"அரசாங்கத்து ஆளு கேக்குறீங்க," என்று முணுமுணுத்துக்கொண்டு கருப்பம்மா ரேடியோவைத் திருகினாள்.

பாட்டுச் சத்தம் கூரையில் மோதித் திரும்பியது. சிவரூபி இஸ்தோப்பில் நாலு அடி வைப்பதற்குள் அதற்கடுத்த காம்பராவிலும் ரேடியோ உயர்ந்தது. பிறகு அதற்கப்பாலும். நேற்றுப்போலவே ஒன்றன்பின் ஒன்றாக, சொல்லி வைத்ததுபோல. என்ன ஒற்றுமை, என்ன மரியாதை என்று அவள் மனம் குளிர்ந்துபோனாள். அந்தக் குளிர்ச்சியை நினைத்துப் பிறகு பல நாள் அவளுக்கு உடம்பு கூசியிருக்கிறது.

உள்ளே யசோதினி உட்கார்ந்திருந்த இடத்தில் இல்லை. மூலையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். லக்ஷிகாவைப் பின்னால் தள்ளி மறைத்திருந்தாள். ஒரு கை முகத்துக்குக் குறுக்கே உயர்ந்திருந்தது.

"என்னது? என்ன நடந்தது?"

யசோதினி கதவைப் பார்த்தாள். சிவரூபியைத் தவிர ஒருவருமில்லை. கையை மெதுவாக இறக்கினாள். பிறகு சிரித்தாள், அது சிரிப்புப் போலவே இல்லை. "ஒண்ணுமில்ல மிஸ். கேளுங்க."

பாட்டுக்கு மேலால் கேட்க வேண்டியிருந்ததால் சிவரூபி குரலை உயர்த்தினாள். சொல்லாமல் வெளியே போனால் அடிப்பது நியாயமா?

யசோதினி மேலே பார்க்கவில்லை. இந்த முறை சிவரூபியை நேராகப் பார்த்தாள். "இல்ல."

சிவரூபியின் பேனா நின்றது. இந்தப் பிரிவில் அவள் கேட்ட முதல் இல்லை அது.

"சொல்லிட்டுத்தான் கடைக்குப் போனேன்," என்றாள் யசோதினி. "நேத்து. சொல்லிட்டுத்தான் போனேன் மிஸ்."

பிள்ளைகளைக் கவனிக்காவிட்டால்? இல்ல. எதிர்த்துப் பேசினால்? இல்ல, கேட்டதுக்குப் பதில் சொல்றது எதிர்த்துப் பேசுறதா? நாலாவது கேள்வியைச் சிவரூபி எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். யசோதினி மகளின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திவிட்டு, இல்ல என்றாள். சோறு கருகினால்? "ஒரு நா கருகுச்சு. இவளுக்குக் காய்ச்சல், மடியில கெடந்தா. எறக்கி வைக்க முடியல." அவள் குரல் ஒவ்வொரு பதிலுக்கும் ஏறிக்கொண்டே வந்தது. பாட்டு அவளைச் சத்தம் போட வைத்தது. கடைசியில் கிட்டத்தட்டக் கத்தினாள். "இல்ல மிஸ். எதுக்குமே இல்ல. எழுதுங்க!"

கதவு திறந்தது. நிமலன் நின்றான்.

ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. அவன் பின்னால் கானுக்கு அந்தப் பக்கம் பீலியடி ஆண்களும் குடம் ஏந்திய பெண்களும் கூடி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பாட்டு இன்னும் கூரையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. நிமலன் சுவருக்கு மேலே பார்த்து ஒரு அதட்டல் போட்டான். கருப்பம்மாவின் ரேடியோ அடங்கியது. மற்றவையும் ஒவ்வொன்றாக அடங்கின.

"பிள்ளைக்கு எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தீங்க?" என்றாள் சிவரூபி. அவள் குரல் அவளுக்கே கீச்சென்று கேட்டது.

நிமலன் தாய்ப்பாலுக்குப் போகிற ஆளாக இல்லை. "என்னங்க மிஸ் நடக்குது இங்க?" அப்போதும் மரியாதையாகத்தான் கேட்டான். "பீலியில எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. நான் அங்க நிக்கிறேன். என் வீட்டுக்கு எதுக்குப் பாட்டுப் போட்டாங்க?"

சிவரூபிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அடுத்த கணம் விளங்கியது. அதோடு மூலையில் ஒட்டி நின்ற பெண், முகத்துக்குக் குறுக்கே எழுந்த கை, நேற்றைய பாட்டு, சொல்லிவிட்டுத்தான் போனேன் என்றது, எல்லாம் சேர்ந்து விளங்கியது. இந்த லயத்தில் ஒருத்தி அடி வாங்கும்போது பக்கத்து வீடுகள் பாட்டுப் போடும். அவள் அழுவது வெளியே கேட்காமல் இருக்க. நேற்று இந்தப் பெண் இதே அறையில் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, அவள் கீழே வேனடியில் நின்று பொறாமைப்பட்டிருக்கிறாள்.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றாள். "சத்தம்... எனக்குப் பாட்டுப் பிடிக்கும்."

இதைவிட மோசமான பொய்யை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. நிமலன் அதைக் காதில் வாங்கவேயில்லை. பெண்சாதியைப் பார்த்து இலேசாகச் சிரித்தான். "எழுதுங்கன்னு கத்துனியே, என்னத்த எழுதச் சொன்ன?"

யசோதினி லக்ஷிகாவின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். இரகுநாதன் குடையும் கையுமாக வந்து சேர்ந்தார். "முடிஞ்சுதோ பிள்ளை? வா, நேரம் போட்டுது."

"ஆமாங்க, வெளிச்சம் இருக்கையிலயே போங்க மிஸ்," என்றான் நிமலன். "படி வழுக்கும்."

சிவரூபி யசோதினியைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல மாட்டாளா, இருங்கள் என்று ஒரு சொல் சொல்ல மாட்டாளா என்று பார்த்தாள். "போயிட்டு வாங்க மிஸ்," என்றாள் யசோதினி. கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

படியிறங்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரகுநாதன் நின்று கேட்டார். முகம் வாடிப்போயிற்று. "பிள்ளை, நாங்கள் அளக்க வந்தனாங்கள். தீர்க்க வரேல்லை," என்றார். "தலையிட்டா எங்கட ஆக்களை நாளைக்கு ஒரு தோட்டத்துக்குள்ளயும் விடமாட்டினம். விதி அப்பிடி. நான் என்ன செய்ய?" அவருடைய கை குடைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவருக்கும் வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

வேன்காரன் எஞ்சினைப் போட்டான். சிவரூபி ஒரு காலை வேன் படியில் வைத்தாள். வைத்த காலை எடுக்கவும் முடியவில்லை, மற்றக் காலைத் தூக்கவும் முடியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தவளைச் சத்தம் கேட்டது. பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றும் நடக்காது, கோபம் ஆறியிருக்கும், என்ன இருந்தாலும் நாற்காலி துடைத்துப் போட்ட மனுஷன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மேலே ஒரு ரேடியோ உயர்ந்தது.

அவள் ஓடினாள். கேள்வித்தாள் கட்டு நெஞ்சோடு ஒட்டிக்கிடக்க, செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோக, படியெல்லாம் ஓடினாள். அவள் ஓட ஓட அடுத்த ரேடியோ, அதற்கடுத்த ரேடியோ. பின்னால் இரகுநாதன் பிள்ளை, பிள்ளை என்று கூப்பிட்டது பாட்டில் அமுங்கிப்போயிற்று.

கருப்பம்மா ரேடியோவுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்டினா அவளுக்குத்தான் மிஸ் வெக்கம்." கருப்பம்மா தலையைத் திருப்பவில்லை. "நாளைக்கு மலையில அத்தன பேரு மொகத்தையும் அவ பாக்கணுமே. அதுக்குத்தான் போடுறது. எனக்கும் போட்டாங்க, எங்க வீட்டுக்காரரு இருந்த காலத்துல. நல்ல மனசோடதான் போட்டாங்க."

சிவரூபி ரேடியோவை நோக்கிக் கையை நீட்டினாள். அது அவள் வீடில்லை, அவள் ரேடியோவில்லை, நாளைக்கு இங்கே இருக்கப் போகிறவளும் அவளில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அழுகை வந்துவிட்டது.

"அவ சொன்னதை நான்தான் கத்த வைச்சனான்," என்றாள். தோட்டத்துப் பேச்சு மறந்து வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "என்னாலதான் அக்கா."

கருப்பம்மா இப்போது திரும்பி அவளைப் பார்த்தாள். "கேட்டுச்சு," என்றாள். "எதுக்குமே இல்ல, எழுதுங்கன்னாளே. பாட்டுக்கு மேலயும் கேட்டுச்சு." முழங்காலைக் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "நான் எல்லாத்துக்கும் அடிக்கலாம்னு சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்கும்ல, நேத்து."

பதிலுக்குக் காத்திருக்காமல் கையை நீட்டி ரேடியோவை அணைத்தாள்.

அடுத்த காம்பராவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கருப்பம்மா எழுந்து அந்தப் பக்கத்துச் சுவரில் படபடவென்று தட்டினாள். அங்கே சத்தம் குறைந்தது. என்ன ஏது என்று தெரியாமல் அதற்கப்பால் ஒன்று அடங்கியது. பிறகு இன்னொன்று. கடைசியாக ஒரு கோடியில் தனியாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவும் வெட்கப்பட்டதுபோலச் சட்டென்று நின்றது.

லயம் அமைதியானது. அந்த அமைதியில், இத்தனை காலமாகப் பாட்டுக்கு அடியில் கிடந்தது மேலே வந்தது. கன்னத்தில் ஒரு அறை விழுகிற சத்தம். பாத்திரம் ஒன்று உருண்டது. லக்ஷிகா விக்கி விக்கி அழுதாள். யசோதினியின் மூச்சுக்கூடக் கேட்டது. கூரைக்குக் கீழே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை யாராலும் கேளாததுபோல இருக்க முடியவில்லை.

கருப்பம்மா விறகுப் பெட்டிமேல் ஏறினாள். சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்த இருட்டுக்கு நேரே தூக்கினாள்.

"நிமலா," என்றாள். கத்தவில்லை. கத்த வேண்டிய தேவையும் இருக்கவில்லை. "எல்லாருக்கும் கேக்குதுடா."

அந்தப் பக்கம் அடிச்சத்தம் நின்றது.

இரண்டு காம்பரா தள்ளி ஒரு கிழட்டு ஆண்குரல் இருமியது. "ஆமா. இங்கயும் கேக்குது."

"இங்கயும்," என்றாள் இன்னொருத்தி.

கோடியிலிருந்து யாரோ ஒரு சின்னப்பெண், பயந்த குரலில், "எங்க வீட்லயும்," என்றாள்.

கதவு திறந்தது. நிமலன் வெளியே வந்து இஸ்தோப்பில் நின்றான். சட்டை இன்னும் உள்ளேதான் இருந்தது. எல்லா வாசலிலும் ஆட்கள். யாரும் பார்வையைத் திருப்பவில்லை. அவன் கானைத் தாண்டிப் பீலிப் பக்கம் நடந்தான். குடத்தோடு நின்ற பெண்கள் விலகி வழிவிடவில்லை. சுற்றிக்கொண்டு போனான்.

யசோதினி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையை உதட்டில் அழுத்திக்கொண்டு வந்தாள். வெட்கப்படுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு வாசலாகப் பார்த்தாள். பார்க்கப்பட்டவர்கள்தான் தலையைக் குனிந்தார்கள்.

"இங்க வாடி," என்று கருப்பம்மா தன் காம்பராவுக்குள் அவளை இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு?" என்று கேட்டாள் சிவரூபி. கேட்காமல் இருக்க முடியவில்லை. "நாளைக்கு அவர் திரும்பி வந்தா?"

"வராம எங்க போவான், அவன் வீடு இதுதானே." கருப்பம்மா கருகின ரொட்டியை எடுத்து வெளியே எறிந்தாள். "நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்கு என்னங்க தெரியும்? ரேடியோவ நான் போட மாட்டேன். அது மட்டுந்தான் தெரியும்."

வேன் வளைவு வளைவாக இறங்கியது. பயம் சிவரூபியை விடவில்லை. இன்றிரவு, நாளை இரவு, அதற்கடுத்த இரவு என்று அது நீண்டுகொண்டே போனது. லுணுகலைக் கடைவீதி வெளிச்சம் தெரிந்தபோதுதான் இரகுநாதன் தொண்டையைச் செருமினார். அவள் மடியில் கேள்வித்தாள் திறந்து கிடந்தது. அடியில் ஒரே ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது. அது என்ன கட்டம் என்று அவருக்குத் தெரியும். அதை எப்படி நிரப்பினால் அவள் வேலை தப்பும் என்றும் தெரியும். அதற்காகவே மிகவும் மெதுவாக, வேண்டிய பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டார்.

"நீ கேக்கேக்க பொம்பிளை தனியத்தானே இருந்தவ, பிள்ளை?"

சிவரூபி பேனாவைத் திறந்தாள்.

"இல்லை சேர்," என்றாள். "எல்லாரும் இருந்தவை."